"கல்ட்"னா என்ன? பஜனை கோஷ்டியா, குலசாமியா?

போன மாசம் ஒரு படம் ரிலீஸான அன்னிக்கு இடைவேளையிலயே ஊர்த்தம்பி ஒருத்தன் வாட்ஸப்ல அனுப்புறான், "அண்ணே படம் கல்ட்டு". இடைவேளையில! இன்னும் பாதிப் படம் பாக்கி கெடக்கு, தியேட்டர் ஹவுஸ்ஃபுல்லு, வெளிய அடுத்த ஷோவுக்குக் கூட்டம் நிக்குது, அது எப்படிடா கல்ட் ஆகும்னு கேட்டா, "மாஸுக்கு மேல ஒரு படி போனா அது கல்ட்டுண்ணே"ங்கிறான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, இப்ப எல்லாரும் அந்த அர்த்தத்துலதான் புழங்குறாங்க. ஆனா அந்தச் சொல்லு வந்த வழியைப் பாத்தா கிட்டத்தட்ட நேர் எதிர், ஓடாததுக்குத்தான் அந்தப் பேரே. இதை எனக்குப் புரியவச்சது சினிமா இல்ல, அறுபது எழுபதுகள்ல ராக் மியூசிக்ல என்னென்னமோ செஞ்சு பாத்துட்டு காசும் பேரும் கைக்கு வராமப் போன சில ஆளுங்க.

மொதல்ல வேரைப் பாத்துருவோம். லத்தீன்ல கோலெரேன்னு ஒரு வினைச்சொல் இருக்கு. நிலத்தை உழுறது, பயிரைப் பேணுறது, ஒரு எடத்துல குடியிருக்கிறது, சாமி கும்பிடுறது, இத்தனைக்கும் அந்த ஒரே சொல்தான். அதுலேருந்து குல்டுஸ், அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள 17ஆம் நூற்றாண்டுல வந்தப்ப வெறுமனே வழிபாடுன்னுதான் பொருள், கெட்ட வாடையே கெடையாது. கல்ச்சர், அக்ரிகல்ச்சர், அப்புறம் நம்ம ஊர்ல ஈபி காலனி போலீஸ் காலனின்னு சொல்றோமே அந்தக் காலனி, எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைங்கதான். தமிழ்லயும் நிலத்தைப் பண்படுத்துறோம், மனுசன் பண்பட்டா அதைப் பண்பாடுங்கிறோம், ஆக உழவுலேருந்து பண்பாட்டுக்குப் போற வரப்பு ரெண்டு மொழியிலயும் இருக்கு. உழவுலேருந்து கும்பிடுக்குப் போற வரப்பு மட்டும் லத்தீன்காரங்களுக்குக் கூடுதலா இருக்கு போல. (பொங்கல் வைக்கிற ஊருக்கு அதுவும் ஒண்ணும் புதுசில்லதான்.)

பின்னாடி பொருள் திரும்பிடுச்சு. பெரிய மதத்துக்கு வெளிய, ஒரு ஆளைச் சுத்திக் கண்ணை மூடிட்டு நிக்கிற சின்னக் கூட்டத்துக்கு அந்தப் பேரு வந்துச்சு. 1969ல அமெரிக்காவுல சார்லஸ் மேன்சன்ங்கிறவனைச் சுத்தி நின்ன கும்பல் பண்ண கொலைங்க, 1978ல கயானா நாட்டுல ஜிம் ஜோன்ஸ்ங்கிற சாமியார் கூட்டம் குடியிருந்த ஜோன்ஸ்டவுன்ல ஒரே நாள்ல 900 பேருக்கு மேல செத்தது, இதுக்கெல்லாம் அப்புறம் பேப்பர்ல கல்ட்னு பாத்தாலே பயம்தான். அதே எழுபதுகள்ல இன்னொரு பக்கம் நியூயார்க்ல நடுராத்திரி ஷோவுக்குன்னே சில படங்க ஓடுச்சு, வழக்கமான ஷோவுல ஆள் வராத படத்தை ஒரு நூறு பேரு வாராவாரம் வந்து திரும்பத் திரும்பப் பாத்தாங்க. பெரிய சந்தையில விலை போகாதது, ஆனா ஒரு சின்னக் கூட்டம் உசுரா வச்சிருக்கிறது, இதுதான் நாம இங்க பேசுற கல்ட்.

இந்த ரெண்டு அர்த்தமும், நல்லதும் கெட்டதும், ஒரே வீட்டுக்குள்ள குடியிருந்த கதை ஒண்ணு உண்டு. கேப்டன் பீஃப்ஹார்ட்ங்கிற பேர்ல பாடின ராக் பாடகர் டான் வான் வ்ளீட். கலிஃபோர்னியாவுல மொஹாவி பாலைவனத்து ஓரம் லான்காஸ்டர்ங்கிற ஊர்ல வளந்த ஆளு, ராக் இசைக்காரர் ஃப்ராங்க் ஸப்பாவோட பள்ளிக்கூட சிநேகிதர். 1969ல ஸப்பா தயாரிப்புல ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகான்னு ஒரு டபுள் ஆல்பம் போட்டார், 28 பாட்டு. நான் மொத மொதல்ல ஹெட்ஃபோன்ல கேட்டப்ப பிரவுசர்ல ரெண்டு டேப்ல ரெண்டு பாட்டு ஓடுதுன்னு நெனச்சு, எது இன்னொன்னுன்னு தேடி ஒவ்வொரு டேபா மூடினேன். கடைசியில ஒரு டேப்தான் மிச்சம், பாட்டு அப்படியேதான் ஓடுது. ஒரு கிட்டார் எடது ஸ்பீக்கர்ல ஒரு கணக்குல போகுது, இன்னொன்னு வலது பக்கம் வேற கணக்குல போகுது, டிரம்ஸ் ரெண்டையும் மதிக்காம தனிக் கணக்கு, மேல இவரு ஓநாய் மாதிரி கத்துறாரு. வாசிக்கத் தெரியாம வாசிக்கிறாங்கன்னுதான் யாருக்கும் தோணும், ஆனா திடீர்னு ஒரு எடத்துல எல்லாரும் ஒண்ணா டக்குனு நிப்பாங்க பாருங்க, அப்பத்தான் தெரியும் எல்லாமே எண்ணி வச்சதுன்னு, தனி ஆவர்த்தனத்துல எங்கெங்கயோ சுத்திட்டு கரெக்டா சமத்துல வந்து விழுற மாதிரி.

எப்படி எண்ணினாங்கங்கிறதுதான் கதை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வுட்லேண்ட் ஹில்ஸ்ல ஒரு வாடகை வீட்டுல அவரோட பேண்டுப் பசங்க, எல்லாம் இருபது வயசு சுத்துனதுங்க, எட்டு மாசம் போல அடைஞ்சு கெடந்து ரிகர்சல் பண்ணாங்க. வான் வ்ளீட்டுக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது, கை போன போக்குல தட்டுவாரு. டிரம்மர் ஜான் ஃப்ரெஞ்ச் பக்கத்துல உக்காந்து அந்தத் தட்டலை நொட்டேஷனா எழுதி, துண்டு துண்டா கோத்து, இது உனக்கு இது அவனுக்குன்னு பிரிச்சுக் குடுத்து, பத்து விரல்ல தட்டினதை ஆறு தந்திக் கிட்டார்ல எப்படி வாசிக்கிறதுன்னு அவங்க மண்டைய ஒடச்சிருக்காங்க. சாப்பாடு கெடையாது, ஒரு கட்டத்துல நாளைக்கு ஒரு கப் சோயா பீன்ஸ்னு ஓட்டியிருக்காங்க, பசி தாங்காம கடையில சாப்பாட்டுச் சாமான் திருடி மாட்டினதும் உண்டு, ஸப்பாதான் வெளிய எடுத்திருக்கார். யாரையாவது ஒருத்தனைப் புடிச்சு நடுவுல உக்காரவச்சு மணிக்கணக்கா திட்டுறது, அடிதடி எல்லாம் நடந்திருக்கு. பிற்பாடு அவங்களே சொல்லியிருக்காங்க, அந்த வீடு கல்ட் மாதிரிதான் இருந்துச்சுன்னு, அந்தக் கெட்ட அர்த்தத்துல.

அப்புறம் ஸ்டூடியோவுக்குப் போயி 28 பாட்டுல 20 பாட்டுக்கு வாத்தியம் மட்டும் ஒரே மூச்சுல சில மணி நேரத்துல வாசிச்சு முடிச்சுட்டாங்க, அவ்வளவு மனப்பாடம். வான் வ்ளீட் பாடுறப்ப ஹெட்ஃபோனே போட மாட்டேன்னுட்டார், கண்ணாடி ஜன்னல் வழியா கசியுற சத்தத்தை மட்டும் வச்சுப் பாடினாராம். கடைசியா ஆல்பம் கவர்ல எழுதி ஒழுங்குபண்ண ஜான் ஃப்ரெஞ்ச் பேரே இல்ல. அதோட நிக்கல, எல்லாத்தையும் நானே எட்டரை மணி நேரத்துல பியானோவுல எழுதிட்டேன்னு தலைவர் பேட்டி குடுத்து, ரொம்ப நாளைக்கு உலகமும் அதை நம்புச்சு. எனக்கு இதுல கோவம் உண்டு, கொண்டாடுறவங்க பல பேரு இந்தப் பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிடுறாங்க. ஆனாலும் அந்த ஆல்பத்தைக் கேக்காம இருக்கவும் முடியல, அது வேற விஷயம்.

1982ல கடைசி ஆல்பம் போட்டுட்டு மியூசிக்கை அப்படியே எறிஞ்சுட்டு ஓவியம் வரையப் போயிட்டார், 2010 டிசம்பர்ல செத்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாத்து வைக்கிற ஒலிப்பதிவுப் பட்டியல்ல அதே 2010ஆம் வருசக் கணக்குலதான் ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா சேந்துச்சு.

சரி, இதுக்குத் தமிழ்ல என்ன சொல்றது? அகராதியைப் புரட்டினா வழிபாட்டு மரபு, சமயக் குழு, இந்த ரகம்தான். கல்ட் பேண்ட்ங்கிறதை அப்படியே வழிபாட்டு இசைக்குழுன்னு போட்டா மார்கழி மாசம் தெருவுல போற பஜனை கோஷ்டிதான் ஞாபகம் வரும். இலைமறை காய்னு சில பேரு எழுதுறாங்க, அழகான சொல்தான், ஆனா அது அண்டர்ரேட்டட்ங்கிறதுக்குச் சரியான சொல். இலைமறை காயை இன்னும் யாரும் பாக்கவே இல்ல. கல்ட்ல பாத்தாச்சு, பத்து பேரு மரத்தடியில பாய் விரிச்சு உக்காந்தாச்சு, ஊருக்குத்தான் தெரியல.

இந்த வித்தியாசத்துக்கு பிக் ஸ்டார்ங்கிற பேண்டைச் சொல்லணும். அமெரிக்காவுல மெம்ஃபிஸ்காரங்க, அலெக்ஸ் சில்ட்டனும் கிறிஸ் பெல்லும் முக்கியமான ரெண்டு பேரு. ஸ்டூடியோ பக்கத்துல இருந்த மளிகை சூப்பர்மார்க்கெட் பேரை எடுத்து பேண்டுக்கு வச்சுட்டு, 1972ல வந்த மொத ஆல்பத்துக்கு நம்பர் 1 ரெக்கார்டுன்னே பேரும் வச்சாங்க, வாய் முகூர்த்தம் பலிக்கும்னு நெனச்சாங்க போல. பத்திரிகையில எல்லாம் ஆகா ஓகோன்னு எழுதுனாங்க, ஆனா படிச்சுட்டுக் கடைக்குப் போனா ரெக்கார்டு இல்ல. ரெக்கார்டு போட்ட ஸ்டாக்ஸ் கம்பெனி, விநியோகம் எடுத்த கொலம்பியா, இவங்களுக்குள்ள இருந்த சிக்கல்ல சரக்கு கடைக்கே வந்து சேரல. 1973 மே மாசம் மெம்ஃபிஸ்ல ராக் விமர்சகர்களுக்குன்னு ஒரு மாநாடு நடந்து அங்க இவங்க வாசிச்சாங்க, பேனாவும் கையுமா உக்காந்திருக்க வேண்டிய விமர்சகர் கூட்டம் எந்திரிச்சு ஆடியிருக்கு. ஒரு ஹால் நிறைய பக்தர்கள், வெளிய வாங்க ஆள் இல்ல. மூணாவது ஆல்பத்தை 1974ல பதிவு பண்ணாங்க, பாட்டெல்லாம் நடுவுலயே இடிஞ்சு விழுற மாதிரி இருக்கும், எந்தக் கம்பெனியும் சீண்டல, 1978லதான் வெளிய வந்துச்சு. அந்த வருசம் டிசம்பர்ல கிறிஸ் பெல் கார் ஆக்சிடென்ட்ல போயிட்டார், வயசு 27. இவங்க சாயல் பட்ட பேண்டுங்க எண்பதுகள்ல வரிசையா வந்தப்ப அவர் இல்ல.

இங்கதான் எனக்கு அந்தச் சொல் கெடச்சுது. குலசாமி.

யோசிச்சுப் பாருங்க. பெரிய கோயில் சாமிக்கு கோபுரம் உண்டு, பஸ் விடுவாங்க, டிவியில நேரலை உண்டு. குலசாமி எங்க இருக்கும்? கம்மாக்கரையில, ஊருக்கு வெளிய, ஒரு மரத்தடியில ரெண்டு கல்லு, துருப்புடிச்ச சூலம். வெளியாள் கடந்து போனா சாமின்னே தெரியாது. ஆனா வருசத்துல ஒரு நாள், மாசி சிவராத்திரிக்கு, பெங்களூரு துபாய்னு எங்க இருந்தாலும் பங்காளிங்க வந்துருவாங்க, மொட்டை, காது குத்து, கிடா வெட்டு, கண்ணுல தண்ணி. இன்னொண்ணும் இருக்கு, அதுதான் எனக்கு முக்கியமாப் பட்டுது. நம்ம குலசாமிங்கள்ல எத்தனையோ பேரு உசுரோட இருந்தப்ப மனுசங்கதான், அநியாயமா செத்தவங்க, வாழ வேண்டிய வயசுல போனவங்க. அந்தக் குறை தாங்காமத்தான் சனம் கல்லு நட்டுச்சு. கிறிஸ் பெல்லுக்கு இதைவிடப் பொருத்தமா நான் என்ன சொல்ல.

குலசாமிக்கு எண்ணிக்கை முக்கியமில்லங்கிறதுக்கு வெல்வெட் அண்டர்கிரவுண்ட்ங்கிற நியூயார்க் பேண்டு இருக்கு. 1967ல வந்த வாழைப்பழ அட்டை ஆல்பம், அப்ப அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டுல 171ஐத் தாண்டி மேல ஏறல. வாங்குனவங்க கொஞ்சம், ஆனா வாங்குன ஒவ்வொருத்தரும் ஒரு பேண்டு ஆரம்பிச்சுட்டாங்கங்கிற மாதிரி இங்கிலாந்து இசைக்காரர் பிரையன் ஈனோ 1982ல ஒரு பேட்டியில சொன்னது இன்னிக்கும் சுத்துது. அதுல மிகை உண்டுதான், ஆனா அப்போதைய செக்கோஸ்லோவாகியாவோட தலைநகர் ப்ராக்ல நெசமாவே அப்படி நடந்துச்சு. 1968ல சோவியத் டாங்கி உள்ள நுழைஞ்ச கொஞ்ச நாள்ல பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ்னு ஒரு பேண்டு, வெல்வெட் பாட்டும் ஸப்பா பாட்டும்தான் அவங்களுக்கு வேதம். வாசிக்கிற லைசென்ஸை அரசாங்கம் புடுங்கிடுச்சு, ஒளிஞ்சு மறைஞ்சு வாசிச்சாங்க, 1976ல புடிச்சு கேஸ் போட்டு ஜெயில்ல வச்சாங்க. அந்த விசாரணையில கொதிச்சுப்போய் நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் மாதிரி ஆளுங்க சேந்து 1977 ஜனவரியில சாசனம் 77ங்கிற மனித உரிமை அறிக்கையை வெளியிட்டாங்க. 1990ல ஹாவெல் ஜனாதிபதியா உக்காந்திருக்கிறப்ப வெல்வெட் அண்டர்கிரவுண்ட்ல பாடின லூ ரீட் ப்ராகுக்கே போய் அவரைப் பாத்தார். பங்காளி வீட்டுக்குச் சாமியே எறங்கி வந்த கதை.

பாடகர் ரோட்ரிகஸ் இன்னும் விசேஷம், சாமிக்கே தெரியாம சாமியானவர். டெட்ராய்ட்காரர், 1970லயும் 71லயும் ரெண்டு ஆல்பம் போட்டு ரெண்டும் படுத்து, கட்டட வேலைக்குப் போயிட்டார். அங்க தென்னாப்பிரிக்காவுல வெள்ளைக்காரப் பசங்க வீட்டுக்கு வீடு அவர் பாட்டைக் கேட்டுட்டு, ஆளு எப்பவோ செத்துட்டார்னு வேற நம்பிட்டு இருந்திருக்காங்க. 1998ல அவரே நேர்ல போய் மேடையில நின்னார்.

புழக்கத்துக்கு வருவோம். ஆளைச் சொல்றப்ப குலசாமி தாராளமா நிக்கும், ஏற்கெனவே அந்தத் தொனியில புழங்குறதுதான், "பீஃப்ஹார்ட் எங்களுக்குக் குலசாமிடா"ன்னா யாருக்கும் விளக்கம் தேவையில்ல. அந்தக் கூட்டத்துக்கு அடியார்ங்கிற பழைய சொல் அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு, ரசிகர்னா பொதுப்படையா போயிடுது, வெறியர்னா கைகலப்பு வாடை அடிக்குது. படைப்பைச் சொல்றப்பதான் இடிக்கும், குலசாமிப் படம்னா ஆடி மாசம் டிவியில போடுற அம்மன் படம்னு நெனச்சுக்குவாங்க. அங்க பெயர்ச்சொல்லை விட்டுட்டு வினையாச் சொல்லிடலாம், "அப்ப ஓடல, பின்னாடி அடியார் சேந்துச்சு". கல்ட் கிளாசிக்னு சொல்றதைவிட இதுல நடந்த கதையும் சேந்து வந்துருது, அதோட இடைவேளையில இதைச் சொல்லவே முடியாது, அதுவே பெரிய லாபம்.

இத்தனையும் டைப் பண்ணி அந்தத் தம்பிக்கு அனுப்பினேன், ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா லிங்க்கோட. ராத்திரி பதில் வந்துச்சு: "அண்ணே ஆடியோ கரப்ட் ஆயிருக்கு, வேற லிங்க் இருந்தா அனுப்புங்க".