நம் பானை வியர்க்கிறது, சீனத்துக் கெண்டி ஏன் வியர்ப்பதில்லை?

போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "யிஷிங் தேநீர்க் கெண்டிக்கு உள்ளேயும் பூச்சு இல்லை, வெளியேயும் இல்லை, வெறும் சுட்ட மண். நம் வீட்டுப் பானை வியர்த்துக் கொட்டுகிறதே, அது மட்டும் ஏன் கசிவதில்லை?" பழைய யிஷிங் கெண்டிகளைத் தேடி வாங்குகிற ஆள் நான், அதனால் இந்தக் கேள்வியை விட மனசு வரவில்லை.

யிஷிங், சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் தாய் ஏரிக்கு மேற்கே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே கெண்டி செய்கிறார்கள். இந்த மண்ணுக்கு ஸீஷா என்று பெயர், ஊதா மணல் என்று அர்த்தம். தோண்டி எடுக்கும்போது அது பாறை. வெயிலிலும் மழையிலும் போட்டு உதிரவிட்டு, இடித்துச் சலித்து, தண்ணீர் சேர்த்துப் பிசைவார்கள். சக்கரத்தில் வனைவதில்லை, தகடு தகடாகத் தட்டி வளைத்து ஒட்டுவார்கள். சரி, இதெல்லாம் சூளைக்கு வெளியே நடப்பது.

விஷயமே சூளைக்குள்தான். நம் பானை வேகிற சூடு பொதுவாக ஆயிரம் டிகிரிக்குக் கீழே. அந்தச் சூட்டில் மண் துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒட்டுகின்றன, ஆனால் நடுவிலுள்ள இடைவெளிகள் அப்படியே திறந்து கிடக்கின்றன. ஒரு துளையில் நுழைந்த தண்ணீர் சந்து சந்தாகப் போய் வெளிச்சுவரில் எட்டிப் பார்த்து ஆவியாகிறது, பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். யிஷிங் மண்ணைச் சுமார் 1100, 1200 டிகிரியில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் அதிலுள்ள மைக்கா (காக்காப்பொன்) உருக ஆரம்பிக்கிறது, மண்ணுக்கு நிறம் தரும் இரும்பு அதற்குக் கை கொடுக்கிறது, உருகிய குழம்பு இடுக்குகளில் இறங்கி, ஆறும்போது கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. குவார்ட்ஸ் என்ற மணல் மணிகள் மட்டும் உருகாமல் நிற்கும். பாறையை மாவாக அரைக்காமல் குருணையாக விட்டிருப்பதால் ஒவ்வொரு குருணையும் தனியாகச் சுருங்கி, தன்னைச் சுற்றி முடியளவு இடைவெளி விடுகிறது. ஆக, துளைகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் எல்லாமே முட்டுச்சந்து! தண்ணீர் உள்ளே கொஞ்சம் நுழையும், மறுபக்கம் போக வழி கிடைக்காது. எனக்கு இது எத்தனை முறை யோசித்தாலும் சலிக்காத விஷயம்.

அந்த முட்டுச்சந்துகளில்தான் டீயின் மணம் தங்குகிறது. ஒரு கெண்டிக்கு ஒரே வகை டீ என்று சீனர்கள் வைத்திருப்பதும், சோப்பு போட்டுக் கழுவக்கூடாது என்பதும் இதனால்தான்.

ஆனால் "நூறு வருஷக் கெண்டியில் வெறும் வெந்நீர் ஊற்றினாலே டீ வரும்" என்று ஒரு கதை சுற்றுகிறது, அதை நம்பாதீர்கள். நிறம் வந்தால் அது கழுவாத பழைய கறை, அவ்வளவுதான். பழசாகக் காட்ட ஷூ பாலிஷ் தடவி விற்பவர்களும் உண்டு, அதனால் பழைய கெண்டியை நன்றாகச் சுத்தம் செய்யாமல் அதில் டீ குடிக்கவே கூடாது.

சிங்கப்பூரில் ஒரு பழைய சாமான் கடையில் நான் வாங்கிய கெண்டிக்குள் ரூபாய் நாணயம் கனத்துக்குக் கறை, மூக்கைக் கொண்டுபோனால் பூட்டிக் கிடந்த பீரோ வாசனை. அந்தக் கறை எப்படிச் சேர்ந்தது என்று யோசித்தபோது, டீயின் மேல் படரும் ஆடையைப் பற்றி லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மைக்கேல் ஸ்பைரோவும் ஜகன்யியும் 1993இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் எழுதியது ஞாபகம் வந்தது. டீக்குத் துவர்ப்புத் தரும் பாலிஃபீனால்கள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேறி ஆடையாகப் படிகின்றன, அதற்குத் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து வேண்டும், எலுமிச்சை பிழிந்தால் ஆடை வராது. ஒரு டம்ளர் டீயின் ஆடைக்குப் போய் ஆராய்ச்சியா என்று நம் ஊரில் கேட்பார்கள். நம் பானையும் கல்சட்டியும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கவும் இதேபோலப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கெண்டிக்கு வருவோம். சோடியம் பெர்கார்பனேட் என்ற கறை நீக்கும் தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றினேன். அது சலவைச் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரிகிறது, பெராக்சைடு கறையின் நிறமுள்ள மூலக்கூறுகளை உடைக்கிறது. கெண்டியின் மூக்கு வழியாக நுரை பொங்கி, தண்ணீர் கறுத்தது. இரண்டு தடவை அப்படிச் செய்து, மிச்சச் சுண்ணாம்புக்கு எலுமிச்சை உப்பு, அப்புறம் வெறும் தண்ணீரில் பலமுறை கொதிக்கவிட்டேன். காய்ந்தபின் உட்சுவர் செங்கல் நிறம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். ஓரம் மெல்லக் கறுத்துப் பரவி, சொட்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. வெளிச்சுவரைத் தடவினால் ஈரமே இல்லை. இப்போது அதில் ஊலாங் என்ற சீன டீ மட்டும் போடுகிறேன்.