மாப்பிள்ளை கோட்டுக்குள் ஒரு குதிரை

என் ரிசப்ஷன் கோட்டை 11 வருடம் கழித்து பீரோவிலிருந்து எடுத்தபோது, மார்புப் பக்கம் முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி கொப்புளம் கொப்புளமாக இருந்தது. துணி கிழியவில்லை. சாயம் போகவில்லை. ஒரு பூச்சிகூட அரிக்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மேடையில் மூன்று மணி நேரம் போட்டது, பிறகு இரண்டு தடவை டிரை கிளீனிங் போனது, அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. தெருமுனை டெய்லர் உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு, “ஒட்டு கேன்வாஸ் சார். பசை விட்டிருச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். கோட்டுக்குள் கேன்வாஸ் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டால் சுருண்டு விழும். கோட்டைப் போட்டால் உள்ளே ஆள் இல்லாமலேயே ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும். வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஒளிந்திருக்கும் அந்த மூன்றாவது அடுக்குதான் காரணம். பழைய முறையில் அது நெய்த துணி. நீளவாக்குப் பாவில் பருத்தி அல்லது கம்பளி நூல் ஓடும், மார்புப் பகுதியில் குறுக்கே போகும் ஊடையில் குதிரை வால் முடி. நூல் மாதிரி முறுக்கி நீட்டாமல் ஒவ்வொரு முடியாகக் கோத்து நெய்தால், குதிரை வால் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் துணியின் அகலம். முடி விறைப்பானது, வளைத்து விட்டால் துள்ளி நிமிரும். அது குறுக்காக மட்டும் ஓடுவதால் மார்பு அகலவாக்கில் தொய்யாது. மேலிருந்து கீழே மட்டும் துணி இயல்பாக விழும்.

அதை வெளித்துணியோடு சேர்க்கும் விதத்தில்தான் கைவேலை. காலர் மடிப்பை விரல் மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, அந்த வளைவிலேயே நூற்றுக்கணக்கான சின்னத் தையல்களைப் போட்டுக்கொண்டே போவார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள், தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். வளைந்த நிலையிலேயே ஓரத்தில் கிளிப் மாட்டிவிட்டால், பிறகு கையை எடுத்தாலும் புத்தகம் முழுசாகத் தட்டையாகாது. காலர் மடிப்பு மொட்டவிழ்ந்த மாதிரி உருண்டு நிற்பது இந்தக் கணக்கில்தான். லண்டனின் சாவில் ரோ தெருத் தையல்காரர்களின் சங்கம், ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை வேண்டும் என்று வைத்திருக்கிறது. அதில் கணிசமான நேரம் கண்ணுக்கே தெரியாத இந்த இடத்தில் போகிறது.

ஒட்டு கேன்வாஸில் இந்தத் தொல்லை கிடையாது. துணியின் பின்பக்கம் புள்ளி புள்ளியாகப் பிசின் இருக்கும். சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் சில விநாடிகளில் பிசின் உருகி வெளித்துணியோடு ஒட்டிக்கொள்ளும். மலிவு, வேகம், கடையில் பார்க்கும்போது கச்சிதமாகவும் இருக்கும். சிக்கல் பின்னால் வரும். வெளித்துணியும் கேன்வாஸும் வெவ்வேறு அளவில் சுருங்கும். டிரை கிளீனிங் கரைப்பானும் இஸ்திரிச் சூடும் பிசினைத் திரும்பத் திரும்ப இளக்கும். ஒரு புள்ளி விட்டுவிட்டால் அங்கே துணி எழும்பி நிற்கும். அதுதான் என் அப்பளம்.

வாங்குவதற்கு முன்னாலேயே இதைக் கண்டுபிடிக்கலாம், கருவி எதுவும் வேண்டாம். கோட்டின் கடைசி பட்டன் துளைக்குக் கீழே, முன்பக்க வெளித்துணியை ஒரு கையாலும் உள்பக்கத் துணியை மறு கையாலும் கிள்ளி மெதுவாக விலக்குங்கள். நடுவில் மூன்றாவதாக ஒரு அடுக்கு விரலுக்குள் தனியாக நழுவினால் அது தைத்த கேன்வாஸ். இரண்டே அடுக்கு, அதில் வெளித்துணி அட்டை மாதிரி தடித்திருந்தால் ஒட்டு. மார்பில் மட்டும் தைத்துக் கீழே ஒட்டுகிற பாதி கேன்வாஸும் உண்டு, அதனால் மார்பிலும் ஒரு தடவை கிள்ளிப் பார்ப்பது நல்லது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

வெளித்துணிக்கு வருவோம். நல்ல சூட் துணி ஆட்டுமுடி. நம் தலைமுடியும் அதுவும் ஒரே புரதம், கெரட்டின். 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் வில்லியம் ஆஸ்ட்பரி என்ற இயற்பியலாளர் கம்பளி இழையை இழுத்துப் பிடித்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். சும்மா இருக்கும் இழையும் இழுத்த இழையும் வேறு வேறு படம் தந்தன. சுருண்டிருக்கும் மூலக்கூறு இழுத்தால் நீள்கிறது, விட்டால் மறுபடி சுருள்கிறது என்று அவர் ஊகித்தார். அந்தச் சுருளின் சரியான வடிவத்தை 1951இல் வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள்.

இந்தச் சுருளைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு வகைப் பிணைப்புகள். கந்தகப் பிணைப்பு பலமானது, சுலபத்தில் அறுபடாது, பழைய வடிவத்துக்குத் திரும்ப இழுப்பது பெரும்பாலும் அதுதான். ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது. ஈரமும் சூடும் பட்டால் அவிழும், காய்ந்ததும் அப்போது இருக்கும் வடிவத்திலேயே மறுபடி முடிச்சிட்டுக்கொள்ளும். தலைக்குக் குளித்து ஈர முடியைப் பின்னி உலரவிட்டால் மறுநாள் பிரிக்கும்போது அலை அலையாக இருக்கிறதே, அது இந்த ஹைட்ரஜன் பிணைப்பின் வேலை. டெய்லர் ஆவி பிடித்து இஸ்திரி போட்டுத் தோள்பட்டையை உருட்டுவதும், முதுகுத் துணியைச் சுருக்கி வளைப்பதும் அதே வேலைதான். பாலியஸ்டர் இப்படிப் படியாது. அதன் வடிவம் மில்லிலேயே சூட்டில் உறைந்துவிட்டது. பாலியஸ்டர் கலந்த கம்பளித் துணியைக் காட்டி “டெரி வுல் சொன்ன பேச்சு கேக்காது சார்” என்று கட்டிங் மாஸ்டர்கள் அலுத்துக்கொள்வதற்குப் பின்னால் இவ்வளவு வேதியியல் இருக்கிறது.

கடையில் நம்மை மயக்கும் அடுத்த சங்கதி ‘சூப்பர்’ எண். சூப்பர் 100 என்றால் இழையின் சராசரித் தடிமன் 18.75 மைக்ரானுக்கு மிகாது. 120 என்றால் 17.75, 150 என்றால் 16.25. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி 50 முதல் 100 மைக்ரான் வரை வரும். ஆக இந்த எண் சொல்வது மென்மையை மட்டும், உழைப்பை அல்ல. இழை மெலிய மெலியத் துணி பட்டாக வழியும், கூடவே சீக்கிரம் கசங்கும், தொடையிடுக்கில் சீக்கிரம் தேயும். 150ஐ எடுத்துக்காட்டி விலை சொல்பவரிடம், முறுக்கு அதிகமான நூலில் காற்றோட்டமாக நெய்த சாதா நெசவுத் துணி இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னைக்கும் மதுரைக்கும் அதுதான் சரி, கசங்கினாலும் தானாக நிமிரும்.

கம்பளி என்றாலே புழுக்கம் என்ற பயத்தில் பலர் பாலியஸ்டருக்குப் போகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தோன்றும். கம்பளி இழை தன் எடையில் 30 சதவீதம் வரை நீராவியைக் குடித்துக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாமல் இருக்கும். சாதாரண சூழலில் பாலியஸ்டர் குடிப்பது அரை சதவீதம்கூட இல்லை, வியர்வை முதுகிலேயே நிற்கும். மேடை விளக்குக்கு அடியில், பத்தாவது போட்டோவுக்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆனால் கம்பளிக்குக் காசு கொடுத்துவிட்டு முதுகு முழுக்க பாலியஸ்டர் லைனிங் வைத்தால் பாதிப் பலன் போச்சு. பாதி லைனிங் போதும் என்று அளவு கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். தையலுக்கு உள்ளே தாராளமாகத் துணி விடவும் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் இளைத்த மாப்பிள்ளை அப்படியே இருந்ததாக நான் பார்த்ததில்லை.

ரிசப்ஷன் முடிந்த இரவு கோட்டைச் சுருட்டிப் பையில் திணிப்பதுதான் வழக்கம். அகலமான தோள் உள்ள ஹேங்கரில் மாட்டி, பாக்கெட்டுகளைக் காலிசெய்து, ஒரு நாள் காற்றாட விடுங்கள். ஈரப்பதமான காற்றே ஹைட்ரஜன் பிணைப்புகளை இளக்க, கந்தகப் பிணைப்பு இழைகளைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் அரை மணி நேரம் மாட்டினால் இன்னும் வேகம். பூமாலையிலிருந்து கொட்டிய மகரந்தத்தைத் தேய்க்காமல் உதறுங்கள், தேய்த்தால் இழைக்குள் ஏறிவிடும். இஸ்திரி போட்டால் மேலே ஒரு பருத்தித் துணி அவசியம். நேராக அழுத்தினால் இழைகள் தட்டையாகிக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். பழைய கோட்டுகளில் வரும் அந்த அசட்டுப் பளபளப்பு இதுதான்.

வாஷிங் மெஷின் மட்டும் கூடவே கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்குகள் இருக்கும். ஈரத்தில் புரட்டினால் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டி, திரும்பி வர முடியாமல் இறுகும், கோட் பேரனுக்குத்தான் ஆகும். டிரை கிளீனிங்கில் தண்ணீருக்குப் பதில் கரைப்பான், அது இழையை ஊதவைக்காது. எண்ணெய்க் கறையை எடுத்துவிடும், வியர்வை உப்பை அவ்வளவாகத் தொடாது. பரவலாகப் புழங்கும் கரைப்பானான பெர்க்குளோரோஎத்திலீனை டிரை கிளீனிங்கிலிருந்து பத்து ஆண்டுகளில் விலக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024 டிசம்பரில் விதி போட்டது. வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் டிரை கிளீனிங் தேவையே இல்லை என்பது என் கட்சி.

அந்துப்பூச்சியை மட்டும் மறக்கக் கூடாது. பறக்கும் அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை, தின்பது அதன் புழு. கந்தகப் பிணைப்பை அறுத்துக் கெரட்டினைச் செரிக்கும் வயிறு அதற்கு உண்டு. வெறும் கம்பளியைவிட வியர்வையும் குழம்பும் பட்ட கம்பளியில்தான் நன்றாக வளரும். அதனால் அழுக்குக் கோட்டைப் பூட்டி வைப்பது அதற்குப் பந்தி போடுவது மாதிரி. அந்துருண்டையின் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே வைக்காமல் மேலே தொங்கவிட வேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம், சில குழந்தைகளுக்கு அந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

கடைசியாக, துணி கம்பளிதானா என்று பார்க்க உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக உறையும். என் கோட்டிலிருந்தும் ஒன்றை உருவிக் கொளுத்தினேன். முடி நாற்றம் லேசாக ஒரு நொடி வந்தது, பிறகு இடுக்கி நுனியில் மிளகு மாதிரி ஒரு கெட்டி மணி. 11 வருடமாக ஒரு பூச்சிகூட அதை ஏன் சீண்டவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.