வராதவர்களும் வாக்களிக்கிறார்கள்: பாதியில் நடக்கும் மேயர் தேர்தலின் கணக்கு

கொசோவோவின் வடக்குக் கோடியில் நான்கு நகராட்சிகள் இருக்கின்றன: வடக்கு மித்ரோவிட்சா, ஸ்வெச்சான், லெபோசாவிச், சுபின் போத்தோக். 2023 ஏப்ரல் 23 அன்று இந்த நான்குக்கும் மேயர்களைத் தேர்ந்தெடுக்கச் சிறப்புத் தேர்தல் நடந்தது. பட்டியலில் சுமார் 45,000 வாக்காளர்கள். வந்து வாக்களித்தவர்கள் 1,567 பேர், அதாவது 3.47 சதவீதம். தேர்தல் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது, நான்கு பேர் மேயரானார்கள். ஓராண்டு கழித்து, 2024 ஏப்ரல் 21 அன்று, அந்த நான்கு பேரையும் நீக்கலாமா என்று அதே மக்களிடம் கேட்டார்கள். இந்த முறை வந்தவர்கள் 253 பேர். மேயர்கள் அப்படியே பதவியில் நீடித்தார்கள்.

இரண்டு முறையும் ஊரில் பெரும்பாலோர் வரவில்லை. முதல் முறை வராததால் நான்கு பேர் பதவிக்கு வந்தார்கள், இரண்டாம் முறை வராததால் அதே நான்கு பேர் பதவியில் தங்கினார்கள். முதல் தேர்தலில் இத்தனை பேராவது வாக்களிக்க வேண்டும் என்ற வரம்பு எதுவும் இல்லை. ஒரே ஒருவர் வந்திருந்தாலும் மேயர் கிடைத்திருப்பார். இரண்டாவதில், பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் ‘நீக்கலாம்’ என்று சொல்லியாக வேண்டும். இந்த ஒரு வரி வித்தியாசம்தான் இரண்டு நாள்களின் முடிவையும் எழுதியது.

பின்னணி இதுதான். கொசோவோ முழுவதிலும் அல்பேனியர்கள்தான் பெரும்பான்மை, ஆனால் இந்த நான்கு நகராட்சிகளில் வசிப்பவர்களில் பெரும்பான்மையினர் செர்பியர்கள். வாகன எண் பலகை தொடர்பாக அரசோடு மூண்ட தகராறில், 2022 நவம்பரில் செர்பிய மேயர்கள் கூட்டாகப் பதவி விலகினார்கள். காலியான இடங்களுக்குத் தேர்தல் வந்தபோது முக்கியமான செர்பியக் கட்சி புறக்கணித்தது. அல்பேனியக் கட்சிகளின் வேட்பாளர்கள் வென்றார்கள். மே மாதக் கடைசியில் அவர்கள் அலுவலகம் போனபோது ஸ்வெச்சானில் மோதல் வெடித்து, நேட்டோ அமைதிப் படையினர் பலர் காயமடைந்தார்கள். அப்புறம் சமரசமாகச் சொல்லப்பட்ட வழிதான் நீக்க வாக்கெடுப்பு. ஐந்தில் ஒரு பங்கு வாக்காளர்கள் கையொப்பமிட்டால் வாக்கெடுப்பு நடக்கும். கையொப்பங்கள் சேர்ந்தன. ஆனால் வாக்கெடுப்பு நாள் நெருங்கியபோது அதே கட்சி அதையும் புறக்கணிக்கச் சொன்னது.

சரி, இப்படிப் பாதியில் தேர்தல் வருவதே மேயருக்குத்தான் அதிகம், ஏன்? மேயர் என்பது ஒற்றை நாற்காலி. அது காலியானால் அடுத்த ஆள் தயாராக இல்லை. நகரமன்றத்தில் பல இடங்கள். கட்சிப் பட்டியல் முறையில் தேர்தல் நடக்கும் நாடுகளில் ஓர் உறுப்பினர் விலகினால் அதே பட்டியலில் அடுத்து இருப்பவர் உள்ளே வந்துவிடுவார், வாக்குப்பெட்டியைத் தொடவே தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எண்ணிட்டு வாக்களிக்கும் பல உறுப்பினர் வார்டுகளில் இன்னும் சுவாரசியமான வழி உண்டு: விலகியவருக்குப் போன பழைய வாக்குச்சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாருக்கு என்று மறுபடி எண்ணி, இடத்தை நிரப்பிவிடுகிறார்கள். எனவே இப்படிப்பட்ட இடங்களில் மன்றம் முழுவதும் கலைந்தால்தான் பொதுவாக மன்றத்துக்குச் சிறப்புத் தேர்தல் வருகிறது. மேயருக்கோ மரணம், ராஜினாமா, நீதிமன்றத் தீர்ப்பு, மக்களே நீக்குவது என எது நடந்தாலும் போதும்.

எல்லா நாடும் மக்களிடம் போவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். துருக்கியில் மேயர் பதவி இடையில் காலியானால் பெரும்பாலும் நகரமன்ற உறுப்பினர்களே தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 மார்ச்சில் இஸ்தான்புல் மேயர் கைதானபோது பொறுப்பு மேயர் அப்படித்தான் வந்தார்.

இனி கணக்குக்கு வருவோம். நீக்க வாக்கெடுப்புக்கு ஏதாவதொரு குறைந்தபட்ச வரம்பு வேண்டும் என்று பல நாட்டுச் சட்டங்கள் நினைக்கின்றன. கோபக்காரச் சிறு கூட்டம் ஒன்று, ஊர் முழுக்கத் தேர்ந்தெடுத்த ஒருவரைத் தூக்கிவிடக் கூடாது அல்லவா? நியாயமான கவலை. ஆனால் அந்த வரம்பை எதன்மேல் வைக்கிறோம் என்பதில்தான் வம்பே இருக்கிறது.

போலந்தில் வரம்பு வருகையின்மேல் இருக்கிறது. மேயரைத் தேர்ந்தெடுத்த தேர்தலில் எத்தனை பேர் வாக்களித்தார்களோ, அதில் ஐந்தில் மூன்று பங்கினராவது நீக்க வாக்கெடுப்புக்கு வந்தால்தான் அது செல்லும். 2013 அக்டோபர் 13 அன்று வார்சா மேயர் ஹன்னா குரோன்கியேவிச்-வால்ட்ஸை நீக்க வாக்கெடுப்பு நடந்தது. தேவைப்பட்டது சுமார் 3.9 லட்சம் பேர். வந்தது சுமார் 3.4 லட்சம் பேர், வாக்காளர்களில் 25.66 சதவீதம். வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ‘நீக்கு’ என்றார்கள். வருகை போதவில்லை, வாக்கெடுப்பு செல்லாமல் போனது, மேயர் தொடர்ந்தார்.

இதில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. மேயரின் ஆதரவாளர்களில் கூடுதலாக 50,000 பேர் அன்று கிளம்பி வந்து, ‘அவரே இருக்கட்டும்’ என்று வாக்களித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மொத்த வருகை 3.9 லட்சத்தை எட்டியிருக்கும். வாக்கெடுப்பு செல்லுபடியாகியிருக்கும். ‘நீக்கு’ வாக்குகள்தான் அப்போதும் பல மடங்கு அதிகம் என்பதால் மேயர் பதவி இழந்திருப்பார். தன் ஆளைக் காப்பாற்ற வாக்களித்தவரே அவரைக் கவிழ்த்த கதையாகியிருக்கும். இது தெரிந்துதான் அவருடைய கட்சியும் அன்றைய பிரதமர் டொனால்ட் டஸ்க்கும் ஆதரவாளர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அதைச் சோம்பலாகவோ அலட்சியமாகவோ பார்ப்பது தவறு. வருகையின்மேல் வரம்பு வைத்த எந்தச் சட்டத்திலும், நீக்கத்தை எதிர்ப்பவருக்கு மிகச் சிறந்த உத்தி வராமல் இருப்பதுதான்.

இதன் பக்கவிளைவு ஒன்று எனக்கு அதைவிட மோசமாகத் தெரிகிறது. ஒரு தரப்பு முழுவதும் வீட்டில் இருந்தால், வாக்குச்சாவடிக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் மறுதரப்பு என்று ஊருக்கே தெரிந்துவிடும். திரைக்குப் பின்னால் யார் எதில் முத்திரை குத்தினார்கள் என்பது ரகசியம்தான், ஆனால் வந்ததே அடையாளம் ஆகிவிடுகிறது. சிறிய ஊரில், முதலாளியும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ரகசிய வாக்கு என்பதற்குப் பெரிய பொருள் இருக்காது.

இதற்கு மாற்று, வரம்பை வருகையிலிருந்து எடுத்து, நீக்கத்துக்கு ஆதரவான வாக்குகளின்மேல் வைப்பது. தைவான் 2016-இல் இதைச் செய்தது. அதுவரை பாதி வாக்காளர்களாவது வர வேண்டும் என்றிருந்தது. புதிய விதிப்படி ‘நீக்கலாம்’ வாக்குகள் மொத்த வாக்காளர்களில் கால் பங்கை எட்ட வேண்டும், எதிர்வாக்குகளைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். 2020 ஜூன் 6 அன்று காவோசியுங் மேயர் ஹான் குவோ-யூவுக்கு எதிராக இது பயன்பட்டது. தேவைப்பட்டது சுமார் 5.75 லட்சம். விழுந்தது 9,39,090. அவர் 2018-இல் ஜெயித்தபோது வாங்கிய 8,92,545 வாக்குகளைவிட இது அதிகம். அவரும் ஆதரவாளர்களை வாக்களிக்கப் போக வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டார். ‘வேண்டாம்’ தரப்பில் விழுந்தது வெறும் 25,051. ஆனால் இந்த விதியில் வீட்டில் இருப்பது யாரையும் காப்பாற்றாது, ஏனெனில் வராதவரின் எண்ணிக்கை வரம்பைத் தொடுவதே இல்லை. அந்த வாக்கெடுப்பின் வருகை சுமார் 42 சதவீதம். பழைய விதி இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார்.

மேயர் போனதும் மத்திய அரசு ஒரு பொறுப்பு மேயரை நியமித்தது. ஆகஸ்ட் 15 அன்று இடைத்தேர்தல். சென் சி-மாய் சுமார் 70 சதவீத வாக்குகளுடன் வென்றார், மீதமிருந்த காலத்துக்கு மட்டும்.

அப்படியானால் ஆதரவு வரம்புதான் தீர்வா? எவ்வளவு என்பதைப் பொறுத்தது. கொசோவோவில் இருந்ததும் ஆதரவு வரம்புதான், ஆனால் பாதிக்கு மேல். அதோடு வாக்காளர் பட்டியல் என்பது ஊரில் இருப்பவர்களின் பட்டியல் இல்லை. வெளிநாடு போனவர்கள், பெயர் நீக்கப்படாத இறந்தவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். பட்டியலில் 1,000 பேர், அவர்களில் 300 பேர் ஊரில் இல்லை என்று வையுங்கள். பாதிக்கு மேல் என்றால் 501 வேண்டும். இருக்கிற 700 பேரில் 501 என்பது 71 சதவீதத்துக்கும் மேல். காகிதத்தில் பாதி என்று எழுதியிருப்பது தெருவில் முக்கால்வாசியை நெருங்குகிறது. வழக்கமான மேயர் தேர்தல்களே பல இடங்களில் அந்த வருகையைத் தொடுவதில்லை.

நீக்க வாக்கெடுப்பை விட்டுவிட்டுச் சாதாரண இடைத்தேர்தலைப் பார்த்தாலும் வருகைதான் கதாநாயகன். வழக்கமான தேர்தலில் 40,000 பேர் வாக்களிக்கிற ஊரில், ஒரு தொழிற்சங்கத்திடம் தவறாமல் வரக்கூடிய 2,000 வாக்குகள் இருந்தால் அதன் எடை 5 சதவீதம். இடைத்தேர்தலில் 8,000 பேர்தான் வருகிறார்கள் என்றால் அதே 2,000-இன் எடை 25 சதவீதம். யாரும் மனம் மாறவில்லை, வகுக்கும் எண்தான் சுருங்கியது. தனியாக நடக்கும் உள்ளாட்சித் தேர்தல்களில் அமைப்பாகத் திரண்டவர்களின் கை ஓங்கும் என்று அரசியல் அறிவியலாளர்கள் சொல்வதன் அடிப்படை இந்தச் சின்ன வகுத்தல்தான்.

எப்போதும் வருகை சுருங்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2019 மார்ச் 31-இல் இஸ்தான்புல் மேயர் தேர்தலில் எதிர்க்கட்சியின் எக்ரெம் இமாமோலு சுமார் 13,000 வாக்குகளில் வென்றார். சில வாக்குச்சாவடித் தலைவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்ற காரணத்தோடு தேர்தல் வாரியம் அதை ரத்து செய்தது. ஜூன் 23-இல் மறுதேர்தல். வருகை 84 சதவீதத்தைத் தொட்டது, வித்தியாசம் 8 லட்சத்தைத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், மார்ச்சில் மாவட்ட மேயர், நகரமன்றம் எல்லாவற்றுக்குமான சீட்டுகளும் ஒரே உறையில்தான் போடப்பட்டன. ரத்தானது பெருநகர மேயர் சீட்டு மட்டும். விளைவு, புதிய மேயர் வந்து உட்கார்ந்தபோது எதிரே இருந்த மன்றத்தில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை.

இந்த மேயர்–மன்ற இழுபறியில் சிறப்புத் தேர்தலையே ஆயுதமாக்கியவர்கள் ஜப்பானியர்கள். நகோயாவில் மேயர் தகாஷி கவமுரா குடியிருப்பு வரியை 10 சதவீதம் குறைக்க நினைத்தார், மன்றம் தடுத்தது. அவர் மன்றத்தைக் கலைக்கக் கையொப்பம் திரட்டும் இயக்கத்தைத் தூண்டினார், தானும் ராஜினாமா செய்தார். 2011 பிப்ரவரி 6 அன்று மன்றக் கலைப்பு வாக்கெடுப்பும் மேயர் தேர்தலும் ஐச்சி மாகாண ஆளுநர் தேர்தலோடு ஒரே நாளில் நடந்தன. மன்றம் கலைந்தது, அவரே மறுபடி மேயரானார். மார்ச்சில் நடந்த மன்றத் தேர்தலில் அவருடைய கட்சி 75 இடங்களில் 28 பிடித்தது. பெரிய கட்சி, ஆனால் பெரும்பான்மை இல்லை.

இப்படி ராஜினாமா செய்து தானே திரும்ப நிற்பதற்கு ஜப்பான் சட்டம் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது: விலகியவரே வென்றால் புதிதாக நான்கு ஆண்டுகள் கிடைக்காது, பழைய பதவிக்காலத்தின் மீதம் மட்டும்தான். ஒசாகா மேயர் தோரு ஹஷிமோதோ 2014-இல் விலகி மீண்டும் நின்றபோது பெரிய கட்சிகள் எதுவும் வேட்பாளரை நிறுத்தவில்லை. வருகை 23.59 சதவீதம், விழுந்த வாக்குகளிலும் பத்தில் ஒன்றுக்கு மேல் செல்லாதவை. அவர் வென்றார், மீதக் காலத்துக்கு.

2019-இல் அதே ஒசாகாவில், ஹஷிமோதோ தொடங்கிய கட்சியைச் சேர்ந்த ஒசாகா மாகாண ஆளுநர் இச்சிரோ மட்சுயியும் மேயர் ஹிரோபுமி யோஷிமுராவும் பதவிக்காலம் முடியச் சில மாதங்கள் இருக்கும்போது ஒன்றாக விலகினார்கள். ஏப்ரல் 7 தேர்தலில் ஆளுநர் மேயர் பதவிக்கும், மேயர் ஆளுநர் பதவிக்கும் நின்றார்கள். சட்டம் தடுப்பது விலகியவர் அதே பதவிக்குத் திரும்புவதைத்தான், பக்கத்து நாற்காலிக்குப் போவதை அல்ல. இருவரும் வென்றார்கள். இருவருக்கும் முழு நான்கு ஆண்டுகள் கிடைத்தன.