இருமலில் ரத்தம் வந்தால், முதலில் ரத்தக்குழாய்ச் சுவரைப் பாருங்கள்

மடித்து வைத்திருந்த கைக்குட்டையை அந்த இளைஞர் பிரித்துக் காட்டினார். புது ரத்தம். காலில் ரத்தம் கட்டியிருக்கிறது என்று மூன்று வாரமாக ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிட்டு வந்தவர் அவர். வாயில் புண் வருமா என்று கேட்டேன். "அது அடிக்கடி வர்றதுதான் டாக்டர், அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார்.

சம்பந்தம் இருக்கிறது. ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனில் நுரையீரல் தமனி ஒரு இடத்தில் பலூன் மாதிரி புடைத்திருந்தது. பெசெட் நோய். அடிக்கடி வரும் வாய்ப்புண் இதன் அறிகுறிதான். இதில் எதிர்ப்புச்சக்தி ரத்தக்குழாயின் சுவரையே தாக்கும். அழற்சியுள்ள சுவரில் ரத்தம் கட்டும். அதே அழற்சியால் சுவர் நைந்து வேறோர் இடத்தில் புடைக்கும். காலில் உள்ள ரத்தக்கட்டி சுவரோடு ஒட்டியே கிடக்கும், நுரையீரலுக்கு நகர்வது அபூர்வம். அதனால் இங்கே முதல் மருந்து எதிர்ப்புச்சக்தியை அடக்கும் ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும்தான். அழற்சி அடங்குவதற்கு முன் ரத்தத்தை இளக்கினால், புடைப்பு கசியும்போது உயிருக்கே ஆபத்து. அவருடைய மருந்தை அன்றே நிறுத்தினோம்.

ஏ.பி.எஸ். என்கிற ஆன்டிபாஸ்போலிப்பிட் நோயில் கதை வேறு. அங்கே கோளாறு ரத்தத்திலேயே இருக்கிறது, அது எளிதில் கட்டிவிடும். மூளைத் தமனியில் சின்னப் புடைப்பு தெரிந்ததும் பயந்துபோய், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. நிறுத்தினால் பக்கவாதம் வரலாம். புடைப்பு சிறியது என்றால் பெரும்பாலும் மருந்தைத் தொடர்ந்துகொண்டே ஸ்கேனில் கண்காணிப்போம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான ஐ.என்.ஆர். 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், புகை கூடவே கூடாது. புடைப்பு பெரிதாக இருந்தால் மெல்லிய உலோகச் சுருள் (coil) வைத்தோ அறுவை செய்தோ அடைப்போம். அந்தச் சில நாட்களுக்கு மட்டும் வார்ஃபரினுக்குப் பதில் ஹெப்பாரின் ஊசி.

அப்புறம், "ரத்தப் பரிசோதனை தேவையில்லாத புது மாத்திரை இருக்கிறதாமே?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏ.பி.எஸ்.-க்காகப் பார்க்கும் மூன்று ஆன்டிபாடிகளும் பாசிட்டிவாக உள்ளவர்களிடம் ரிவரோக்சபான் என்கிற அந்தப் புது மாத்திரையை வார்ஃபரினோடு ஒப்பிட்ட ஆய்வு, புது மாத்திரை எடுத்தவர்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. முடிவு 2018-இல் வெளியானது. அவர்களுக்கு நான் அதை எழுதுவதில்லை.

இந்த இரண்டு நோயில் எது இருந்தாலும், இருமலில் ரத்தமோ திடீரென்று தாங்க முடியாத தலைவலியோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரத்தக்கட்டிக்கு மருந்து சாப்பிடுவதையும் புடைப்பு இருப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.