பத்துக்கு ஏழு என்று சொல்லிக்கொண்டு இனி வராதீர்கள்

கீழமாசி வீதிப் பக்கம் காபித்தூள் அரைத்து விற்கும் அண்ணாச்சி போன வாரம் புதுப் பையோடு வந்தார். பீபெரி (பழத்துக்குள் ரெண்டாக இல்லாமல் ஒற்றையாக உருண்டு விளையும் காபிக்கொட்டை) கூட்டிய தூளாம், கிலோவுக்கு 80 ரூபாய் ஏற்றம். "பத்துப் பேருக்கு ரெண்டு ரெண்டு டம்ளர் குடுத்தேன் தம்பி. எது புதுசுன்னு ஏழு பேர் கரெக்டா சொல்லிட்டாங்க. மதுரக்காரன் நாக்குன்னா சும்மாவா!"

ருசிச் சோதனை நடத்துவது என் பிழைப்பு. இந்த வருஷம் இதே கதையோடு வந்த நாலாவது ஆள் இவர். போன மாதம் ஜிகர்தண்டா, அதற்கு முன் சாம்பார்பொடி.

இருப்பது ரெண்டே டம்ளர். காசைச் சுண்டிச் சொன்னாலே பாதி சரியாகும். பத்துப் பேர் குருட்டாம்போக்கில் சொன்னால் சரியும் தவறுமாக வரக்கூடிய வரிசைகள் 1024. ஏழு சரியாக வருபவை 120, எட்டு 45, ஒன்பது 10, பத்தும் சரி 1. கூட்டினால் 176, சுமார் 17 சதவீதம். ரெண்டு டம்ளரிலும் பச்சைத் தண்ணீரை ஊற்றி, ஒன்றின் அடியில் புள்ளி வைத்து, "புள்ளி எதில்?" என்று கேட்டாலும் ஆறு தடவைக்கு ஒரு தடவை ஏழோ அதற்கு மேலோ வந்துவிடும். ஏழு பேர் சொன்னதால் ஏழு பேருக்குத் தெரிந்தது என்றும் ஆகாது. நாலு பேருக்கு நிஜமாகத் தெரிந்து, மிச்ச ஆறு பேர் அடித்துவிட்டதில் மூன்று பலித்தாலும் ஏழுதானே? ஒன்பது வரட்டும். 1024இல் 11 வழிதான், அப்போது பேசலாம்.

பால் முதலில் ஊற்றியதா, தேநீர் முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு அம்மா. புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1935இல் எழுதிய அந்தத் தேநீர்ச் சோதனையில் எட்டுக் கோப்பை, நாலில் பால் முதலில். நாலு நாலு என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். எட்டில் நாலைப் பொறுக்க 70 வழி; அதனால் குருட்டடியில் எட்டும் சரியாக வர 70இல் 1 வாய்ப்பு.

இனி மூன்று டம்ளர் வையுங்கள்: ரெண்டு ஒரே தூள், ஒன்று வேறு. மாறியது எது என்று கேளுங்கள். குருட்டடி மூன்றில் ஒன்றாகக் குறையும், பத்துக்கு ஏழு வருவதே 2 சதவீதம்தான். ஒரே சூடு, ஒரே சர்க்கரை. வரிசையைச் சீட்டுப் போட்டு மாற்றுங்கள். எது எதென்று தெரிந்த ஆள் டம்ளரை நீட்டக் கூடாது. அண்ணாச்சி, நீங்கள் கல்லாவிலேயே இருங்கள், உங்கள் முகம் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனை வந்தால் ஏற்பது என்பதை முன்கூட்டியே எழுதிவையுங்கள். தோற்றவர்களைக் கூப்பிட்டு மறுபடி குடிக்க வைக்காதீர்கள்.

தயவுசெய்து பையை அதற்குப் பிறகு அச்சடியுங்கள்.