மஞ்சள் நெயில் பாலிஷ் ஏன் திட்டுத் திட்டாகத் தெரிகிறது?

கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள், எலுமிச்சை மஞ்சளில் ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டிலில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும் நிறம். ஒரு பூச்சு பூசியதும் கதை மாறிவிட்டது. நகத்தின் அடியில் இருக்கும் பிறை போன்ற வெள்ளைப் பகுதியில் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். அதற்கு மேலே, சதையோடு ஒட்டியிருக்கும் இடத்தில் லேசாக ஆரஞ்சு கலந்த மங்கல். சதையை விட்டு வளர்ந்திருக்கும் நுனியில் இன்னொரு மஞ்சள். போதாததற்கு பிரஷ் போன தடமெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது. "இது டூப்ளிகேட், சித்தி" என்றாள்.

டூப்ளிகேட் இல்லை. மஞ்சளின் குணமே அதுதான்.

வெள்ளை ஒளியில் எல்லா நிறங்களும் இருக்கின்றன. சிவப்பு நிறமி அதிலிருந்து நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டு, சிவப்பை மட்டும் விடுகிறது. கறுப்பு எல்லாவற்றையும் விழுங்குகிறது. மஞ்சள் நிறமியோ நீலத்தை மட்டும்தான் பிடித்துக்கொள்கிறது. பச்சையும் சிவப்பும் தாராளமாக அதைக் கடந்து போகின்றன. அந்த இரண்டும் சேர்ந்து கண்ணில் விழுவதைத்தான் நாம் மஞ்சள் என்கிறோம்.

கடந்து போன ஒளி நகத்தின் அடியில் எதில் போய் விழுகிறது என்பதில்தான் சிக்கல். நகம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள, ஒளி ஊடுருவும் தகடு. அதன் கீழே ரத்தம் ஓடும் சதை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிவிடும். மஞ்சள் பூச்சைத் தாண்டி உள்ளே போன பச்சையில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிட, சிவப்புதான் அதிகமாகத் திரும்பி வருகிறது. மஞ்சளிலிருந்து பச்சை குறைந்தால் அது ஆரஞ்சுப் பக்கம் சாயும். பிறைப் பகுதி வெண்மையானது, எல்லா ஒளியையும் திருப்பி அனுப்புகிறது. அதனால் அங்கே மட்டும் பாட்டிலில் பார்த்த மஞ்சள். சிவப்பு பாலிஷ் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது உள்ளே விடுவதே சிவப்பு ஒளியைத்தான், சதையும் அதையேதான் திருப்பித் தருகிறது.

பிரஷ் தடம் தெரிவதற்கும் காரணம் இதுவே. பிரஷின் முடிகள் பூச்சை மேடும் பள்ளமுமாகத்தான் விட்டுச் செல்கின்றன. மறைக்கும் சக்தி அதிகமுள்ள நிறத்தில் அந்த ஏற்ற இறக்கம் தெரியாது. மஞ்சளில் பள்ளமான இடமெல்லாம் சதையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நன்றாக மறைக்கும் மஞ்சள் நிறமியாகப் பார்த்துப் போட்டால் என்ன என்று கேட்கலாம். காட்மியம் மஞ்சளும் ஈயக் குரோமேட்டும் அப்படிப்பட்டவைதான், ஆனால் இரண்டும் நஞ்சு. இரும்பு ஆக்சைடு மஞ்சளும் ஓரளவு மறைக்கும், ஆபத்தும் இல்லை. அது மஞ்சள் காவி மண்ணுக்கு நிறம் தரும் அதே பொருள் என்பதால், மங்கலான மண் மஞ்சள்தான் கிடைக்கும். எலுமிச்சைப் பளபளப்புக்குப் பெரும்பாலும் டார்ட்ரசின் வருகிறது. இனிப்புகளிலும் குளிர்பானங்களிலும் சேர்க்கும் அதே மஞ்சள். தண்ணீரில் கரையும் அந்தச் சாயத்தை அலுமினியச் சேர்மத்தில் ஏற்றி, கரையாத தூளாக மாற்றிச் சேர்க்கிறார்கள். நிறம் அபாரம், மறைக்கும் சக்தி குறைவு. அதை ஈடுகட்ட டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளைத் தூளையும் கலப்பார்கள். அது கூடினால் மஞ்சள் வெளுத்து வெண்ணெய் நிறமாகிவிடும்.

இதற்கு வீட்டிலேயே தீர்வு உண்டு: மஞ்சளுக்கு அடியில் ஒரு பூச்சு வெள்ளை. டைட்டானியம் டைஆக்சைடு ஒளியைச் சிதறடிப்பதில் கெட்டிக்காரத்தனமான பொருள். பாலிஷில் அதைச் சுற்றியுள்ள பிசினைவிட அது ஒளியை மிக அதிகமாக வளைக்கிறது, அதனால் உள்ளே வரும் ஒளி சதையைத் தொடும் முன்பே திரும்பிவிடுகிறது. திரும்பி வரும் ஒளி மஞ்சள் பூச்சை இரண்டாவது முறையும் கடப்பதால், மிச்சமிருக்கும் நீலமும் வடிகட்டப்பட்டுவிடும். அக்கா மகளின் வலது கைக்கு வெறும் மஞ்சள் மூன்று பூச்சு, இடது கைக்கு வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இடது கைதான் பாட்டில் நிறத்தில் இருந்தது.

சரி, இந்தப் பூச்சு நகத்தில் எப்படி நிற்கிறது? எங்கள் அம்மா காலத்தில் எந்த கம்பெனி நெயில் பாலிஷும் கியூடெக்ஸ்தான். அந்தக் குட்டி பாட்டிலுக்குள் இருக்கும் முக்கியமான பொருள் நைட்ரோசெல்லுலோஸ். 1846-ல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் பஞ்சை அமிலங்களில் தோய்த்து உண்டாக்கிய வெடிபஞ்சின் சாதுவான உறவு. 1920-களில் கார்களுக்குப் பூசும் பெயின்ட் ஆனது. 1932-ல் ரெவ்லான் தொடங்கியபோது அதன் முதல் சரக்கே, நிறமி சேர்த்து நகத்தை மறைக்கும் பூச்சுதான். வெடிபஞ்சின் உறவு என்பதால் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெயில் பாலிஷ் போடக்கூடாது. பாலிஷ், அதன் ஆவி இரண்டுமே சட்டென்று தீப்பற்றும்.

நைட்ரோசெல்லுலோஸை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் ஆகிய கரைப்பான்களில் கரைத்திருக்கிறார்கள். கரைப்பான் ஆவியாகப் போய்விட, படலம் மட்டும் தங்குகிறது. அடியில் உள்ள கரைப்பான் மேலே வந்து சேர ஆகும் நேரம், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. பூச்சு இரண்டு மடங்கு தடிமனானால் காய நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அதனால் இரண்டு மெல்லிய பூச்சுகள், ஒரு தடிமனான பூச்சைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும். ஃபேனுக்கு நேராகக் கையை நீட்டுவதும் நல்லதல்ல. மேல்பக்கம் முதலில் தோல் கட்டிக்கொள்ள, உள்ளே மாட்டிய கரைப்பான் குமிழி குமிழியாகக் கிளம்பும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இன்னொரு கோளாறும் வரும். கரைப்பான் ஆவியாகும்போது பூச்சு குளிர்வதால், காற்றின் ஈரம் அதில் படிந்து, மஞ்சள் நிறம் பனிமூட்டம் போட்டதுபோல் வெளுத்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் காற்று உலர்வாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் பூசலாம்.

டிசைன்களில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீரில் செய்வது. ஒரு பழைய டம்ளரில் அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீர். அதில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டால், சொட்டு மிதந்து, கண்ணெதிரே வட்டமாக விரிந்துகொண்டே போகும். தண்ணீரின் பரப்பு இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குதான் அந்தக் கரைப்பான்களுக்கு. சுற்றியுள்ள தண்ணீர் பலமாக இழுக்க, சொட்டு தட்டையாகிவிடுகிறது. அதன் நடுவில் ஒரு சொட்டு வெள்ளை, அதன் நடுவில் மறுபடி மஞ்சள் என்று விட்டால் வளையத்துக்குள் வளையம். பல்குத்தும் குச்சியால் வெளியிலிருந்து உள்ளே மெதுவாக இழுத்தால் இதழ்கள். நகத்தைக் கவிழ்த்து முக்கி, தண்ணீரில் மிச்சமுள்ள படலத்தைக் குச்சியில் சுருட்டி எடுத்துவிட்டு, அப்புறம் விரலை வெளியே எடுக்க வேண்டும். நகத்தைச் சுற்றித் தோலில் டேப் ஒட்டிக்கொள்வது நல்லது. குளிர்ந்த தண்ணீரில் சொட்டு சரியாக விரியாது. கெட்டிப்பட்டுப் போன பழைய பாலிஷும் விரியாது. முக்கியமாக, இந்தப் படலம் மிக மெல்லியது என்பதால் நகத்தில் முதலிலேயே வெள்ளை இருந்தால்தான் மஞ்சள் தெரியும்.

செந்தூரா மாம்பழம் போல மஞ்சளிலிருந்து சிவப்புக்கு நகர வேண்டுமென்றால், ஸ்பாஞ்ச் துண்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தடவி ஒற்றினால் போதும். நுண்ணிய புள்ளிகளைக் கண் தானே கலந்துகொள்ளும். கரும்பச்சை மேல் ஹேர்பின் தலையால் ஐந்து புள்ளி வைத்தால் கொன்றைப்பூ. அங்கேயும் முதலில் வெள்ளைப் புள்ளி, காய்ந்ததும் அதன் மேல் மஞ்சள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நிறமில்லாத பேஸ் கோட் ஒன்று கட்டாயம். சில நெயில் பாலிஷ்களின் சாயம் நகத்தின் கெரட்டின் என்ற புரதத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவிடும். சமையல் மஞ்சள் ஏறியிருந்தால் கவலையில்லை, அதிலுள்ள குர்குமின் வெயில் பட்டால் வெளுத்துவிடும். மருதாணியின் சாயம் கெரட்டினோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்வதால் ரிமூவருக்கும் அசையாது. நெயில் பாலிஷின் கறை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பூச்சு ரிமூவரில் கரைந்து போகும், உள்ளே ஏறிய நிறம் லேசாகத் தங்கும். கைவிரல் நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. மே மாதம் பேஸ் கோட் இல்லாமல் பூசி, அடிநகத்தில் ஏறிய மஞ்சள் நுனிக்கு வந்து, அதை வெட்டும்போது தீபாவளி நெருங்கியிருக்கும்.