குறையாத தண்ணீர் பாட்டில்

கடலூர் முதுநகரில் இருக்கும் என் கிளினிக்குக்குத் திங்கட்கிழமை காலையில் இரண்டு பேராவது விடுப்புச் சான்று கேட்டு வருவார்கள். "காய்ச்சல் என்று எழுதிவிடுங்கள் டாக்டர்" என்பார்கள். காய்ச்சல் இருப்பது உண்மைதான். எதனால் வந்தது என்பதைத்தான் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கத்திரி வெயில் நேரத்தில் ஒரு பெண் வந்தார். தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. இரண்டு மாதத்தில் மூன்றாவது விடுப்பு. இரவு ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். மடியில் இருந்த பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அதில் நான்கு விரற்கடைகூடக் குறையவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"குடித்தால் பாத்ரூம் போகவேண்டுமே டாக்டர். எழுந்தாலே சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார்."

சிறுநீர் போகும்போது எரிச்சல் உண்டா என்று கேட்டதும், கணவரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் தலையசைத்தார்.

தண்ணீரும் குடிக்காமல், வரும் சிறுநீரையும் மணிக்கணக்கில் அடக்கினால் சிறுநீர்ப்பைக்குள் கிருமி பெருகும். பெண்களுக்குச் சிறுநீர்த்தாரையின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். வெளியிலிருந்து கிருமி ஏறுவது எளிது. சர்க்கரை நோய் இருந்தால் கேட்கவே வேண்டாம். எரிச்சல், அடிக்கடி போகும் உணர்வு என்ற அளவில் பிடித்துவிட்டால் சிக்கலில்லை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி என்றால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

இவர் முந்தைய இரண்டு முறையும் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி, எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்தியிருக்கிறார். இப்படிச் செய்பவர்களுக்குச் எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனை எழுதித் தருகிறேன். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணமில்லை. ஒருநாள் விடுப்பு எடுப்பவருக்கு அன்றைய கூலி போனதுதான். (15 நாளுக்குள் மறுபடி படுத்தால் அந்த முதல் இரண்டு நாளுக்கும் பணம் உண்டு; இது பலருக்குத் தெரிவதில்லை.)

சான்றில் காய்ச்சல் என்றே எழுதினேன். உங்கள் உடம்பில் என்ன என்று மேலாளருக்குத் தெரியவேண்டியதில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவர் சம்மதத்தோடு கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'அடிக்கடி தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் இடைவேளை தேவை.'

தாளை இரண்டு முறை படித்தார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: "இதைக் காட்டினால் லைனை மாற்றிவிட மாட்டார்களே, டாக்டர்?"